கல் தயார், கல்லறை எங்கே?

அத்தியாயம் 4

கல் வந்துவிட்டது. செத்தவரைத்தான் காணோம்.

சிறுமலை அடிவாரத்தில், திண்டுக்கல்லிலிருந்து அரை மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிறது முத்தோடைப்பட்டி. அங்கே சடையாண்டிக்குச் சொந்தமான கல்யாண மண்டபத்தின் வாசலில் அந்தப் பளிங்குக் கல் சுவரில் சாய்ந்து நின்றது. நாலடி அகலம், நாலடி உயரம். உச்சியில் தலைமை விருந்தினரின் பெயரும் அவர் வாங்கிய பட்டங்களும். அதன் கீழே ‘முன்னிலை’ என்று பதினோரு பெயர்கள். ‘விழாக் குழுத் தலைவர், கொடைவள்ளல்’ சடையாண்டிக்கு மட்டும் தங்க நிற எழுத்து. இத்தனை பேரும் வசதியாக உட்கார்ந்த பிறகு அடியில் மிஞ்சிய இரண்டு அங்குல இடத்தில், பஸ் படிக்கட்டில் தொங்குகிறவரைப் போல ஒட்டிக்கொண்டிருந்தது கடைசி வரி: ‘நம் குலம் காத்த மாவீரன் ஹவில்தார் மாயாண்டி.’

துப்பறியும் கமலக்கண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு முறை படித்தார். அவருடைய உதவியாளர் ஆரிபா அதற்குள் இரண்டு முறை படித்துவிட்டாள்.

“சார், இதுல செத்தது யாரு? அம்புட்டுப் பேருமா?”

“என்னம்மா?” என்றார் சடையாண்டி.

“கல்லு அம்சமா இருக்குன்னு சொன்னேன்.”

சடையாண்டி பெருமையாக மீசையைத் தடவினார். “ராஜஸ்தான் கல்லு. இனிமே குழியைக் காட்ட வேண்டியது உங்க பொறுப்பு. ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்குப் பட்டாளத்துக்காரங்க பியூகிளோட வந்து நிப்பாங்க. இன்னைக்கே வெள்ளிக்கிழமை ஆயிப்போச்சு.”

விஷயம் இதுதான். போன மாதம் ஒரு ராணுவப் படைப்பிரிவிலிருந்து ஊருக்குக் கடிதம் வந்தது. 1971 போரில் தோளில் குண்டு பாய்ந்த பிறகும் மூன்று பேரை இழுத்து வந்து காப்பாற்றியவர் ஹவில்தார் மாயாண்டி, முத்தோடைப்பட்டிக்காரர், 1996-ல் இறந்துபோனதாகத் தெரிகிறது, அவருடைய கல்லறைக்கு மலர் வளையம் வைத்து மரியாதை செய்ய வருகிறோம், இடத்தைக் காட்டி உதவுங்கள் என்று எழுதி, பழைய புகைப்படம் ஒன்றையும் வைத்திருந்தார் ஒரு சுபேதார் மேஜர். கடிதம் யார் கைக்கோ வந்து, சடையாண்டியின் கைக்குப் போய், அன்று சாயங்காலமே விழாக் குழுவாகிவிட்டது. ஒரு வாரத்தில் பேனர். அதில் மாயாண்டியின் மெலிந்த முகத்தைக் கத்தரித்து, யாரோ ஒரு பயில்வானின் உடம்பில் ஒட்டி, கன்னம் வரைக்கும் மீசை வரைந்திருந்தார்கள். எல்லாம் ஆன பிறகுதான் அவரை எங்கே புதைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாதது நினைவுக்கு வந்தது.

அதற்குத்தான் கமலக்கண்ணன். திண்டுக்கல்லில் ஒரு பூட்டுக் கடைக்கு மேல் மாடியில் அவருடைய துப்பறியும் நிலையம். பெயர்ப்பலகையில் கொலை, கொள்ளை என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே நடப்பது மாப்பிள்ளை விசாரிப்பு. ஒருவனுடைய தெரு எது, தாத்தா பெயர் என்ன, எந்தக் கோயிலில் காதுகுத்து என்று மூன்று கேள்வியில் அவன் ‘நம்மாளா’ இல்லையா என்று சொல்லிவிடுவார். இருபது வருடமாக அவர் வீட்டில் உலை கொதிப்பது அந்த வித்தையில்தான். சொந்த ஊரும் முத்தோடைப்பட்டியே. “வெளியாள் எதுக்கு? வாத்தியார் மகன் இருக்காரே, நம்மாளு” என்று சடையாண்டி அவரைக் கூப்பிட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

“குழி கிடைக்கலேன்னா என்ன செய்வீங்க?” என்று கேட்டார் கமலக்கண்ணன்.

“அதுக்கும் ஏற்பாடு இருக்கு. வாங்க.”

ஊர்ச் சுடுகாட்டின் நடுவில் ஒரு மண்மேடு புதுச் சுண்ணாம்பில் பளபளத்தது. நாலு மூலையிலும் கம்பு நட்டு, தென்னங்குருத்துத் தோரணம் கட்டியிருந்தார்கள்.

“இது யாரோடது?” என்றாள் ஆரிபா.

“யாரோடதா இருந்தா என்னம்மா? நம்ம சுடுகாடு. நம்மாளாத்தானே இருக்கும்.”

கமலக்கண்ணன் மேட்டைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த வேப்பமரத்தைப் பார்த்தார். தாடையைச் சொறிந்தார். “இது நம்ம ஜக்கம்மா அத்தைல்ல? பணியாரக் கடை வச்சிருந்தாகளே.”

“அட, அவுகளும் கண்டிப்பான ஆளுதான்” என்றார் சடையாண்டி அசராமல்.

“பணியாரக் கடை ஜக்கம்மாளுக்கா சல்யூட் அடிக்கப் போறாக?” ஆரிபா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “குடுத்து வச்ச மகராசி. உசுரோட இருந்தப்ப யாரும் கடன் சொல்லாமச் சாப்பிட்டிருக்க மாட்டாக.”

“ஞாயித்துக்கிழமைக்குள்ள உண்மையானது கிடைச்சா உண்மையானது. இல்லைன்னா இது” என்று சொல்லிவிட்டுப் பந்தல்காரனைத் திட்டப் போய்விட்டார் சடையாண்டி.

*

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது பஸ் ஸ்டாப்பிலிருந்து பெரிய தெரு பிரியும் முக்கில் கமலக்கண்ணன் நின்றார். மூன்று நாளில் அங்கே அவர் நிற்பது நாலாவது தடவை.

“இங்கதாம்மா...”

“உங்க செவப்பு சைக்கிளை நிறுத்துவீங்க” என்று முடித்தாள் ஆரிபா. “பி.ஏ.வுல முதல் வகுப்பு வாங்குனதுக்கு உங்க அப்பா வாங்கிக் குடுத்தது. ஊருலயே ஒரே செவப்பு சைக்கிள். கேட்டுக் கேட்டு எனக்கே அதுல ஒரு ரவுண்டு போயிட்டு வந்த மாதிரி இருக்கு சார்.”

“கேலி பண்ணாத. ஒரு சாமானை, ஒரு முகத்தை ஒரு தடவை பார்த்தா நான் மறக்க மாட்டேன். தொழிலுக்கு அதுதான் முதல்.”

“அப்ப மாயாண்டி முகம் மட்டும் எப்படி மறந்துச்சு? நீங்க இருந்த ஊருலதானே அவரும் இருந்தாரு?”

கமலக்கண்ணன் விறுவிறுவென்று நடந்தார். டீக்கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தார். மூன்று நாளில் ஊர்ப் பெரியவர்கள் ஏழு பேரை விசாரித்தாயிற்று. ஏழு பேரும் சொன்னது ஒரே பதில்: தெரியாதுப்பா.

“இந்த ஏழு பேரும் பொய் சொல்றாக” என்றாள் ஆரிபா, டீயை ஊதிக்கொண்டே.

“எப்படிச் சொல்ற?”

“எங்க பேகம்பூர்ல போயி, தாவூத்னு ஒருத்தர் இருந்தாராமேன்னு கேட்டுப் பாருங்க. எந்த தாவூத்து, கறிக்கடையா, மொட்டையா, அவர் மச்சினனான்னு அரை மணி நேரம் யோசிப்பாக. தெரியாதவன் யோசிப்பான் சார். இவுக ஒருத்தராவது யோசிச்சாகளா? நீங்க பேரைச் சொல்லி வாயை மூடுறதுக்குள்ள தெரியாதுன்னாக.”

அது உண்மைதான். கமலக்கண்ணனுக்கும் அப்போதே உறுத்தியது. உறுத்தியதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை.

ஆரிபா கடிதத்தோடு வந்த புகைப்படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கறுப்பு வெள்ளை. லீவில் வந்த சமயம் எடுத்ததாக இருக்க வேண்டும். சீருடையில் மெலிந்த ஓர் இளைஞர் விறைப்பாக நிற்கிறார். நெஞ்சில் மெடல்கள். அவருக்குப் பின்னால் ஒரு சின்னக் குடிசை. அதன் வாசலைச் சுற்றி, செங்கற்களைச் சாய்த்துச் சாய்த்துப் பாதி மண்ணில் புதைத்த, ரம்பப் பல் மாதிரியான வரப்பு. தூரத்தில் ஊர்க் கோயிலின் கோபுரம். அதற்கும் பின்னால் மலை.

“முதல் நாளே இதுல நீங்க ஒண்ணு கண்டுபிடிச்சீங்களே, இன்னொரு தடவை சொல்லுங்க.”

கமலக்கண்ணனுக்கு அது பிடித்த இடம். தொண்டையைச் செருமிக்கொண்டார். “மலையில ஒரு பிளவு தெரியுது பாரு. நம்ம ஊருல எந்தத் தெருவுல நின்னு பார்த்தாலும் அது கோபுரத்துக்கு வலது பக்கம்தான் தெரியும். இந்தப் படத்துல இடது பக்கம் இருக்கு. ஆக, பிரிண்ட் போட்டவன் நெகட்டிவைத் திருப்பிப் போட்டிருக்கான். வலது இடதாயிருச்சு.”

சடையாண்டி இதைக் கேட்டுக் கைதட்டியிருந்தார். குறிப்பேட்டிலும் ‘தடயம் ஒன்று: முடிந்தது’ என்று இருந்தது.

“மெடலை எந்தப் பக்கம் குத்துவாக சார்?”

“இடது நெஞ்சுல. இது தெரியாதா?”

“படத்துல எந்தப் பக்கம் இருக்கு?”

கமலக்கண்ணன் படத்தை வாங்கினார். அந்த இளைஞரைப் போலவே நிமிர்ந்து உட்கார்ந்து, தன் இடது கையைத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். டீ மாஸ்டர், பெரியவருக்கு வலி வந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தார்.

“இடது” என்றார் கமலக்கண்ணன். குரல் சன்னமாக வந்தது.

“நெகட்டிவைத் திருப்பிப் போட்டிருந்தா மெடலும்ல வலது பக்கம் போயிருக்கணும்?” ஆரிபா டீ கிளாஸை வைத்தாள். “படம் திரும்பல சார். நாமதான் திரும்பிக்கிட்டு நின்னிருக்கோம்.”

‘நாம’ என்று அவள் தன்னையும் சேர்த்துக்கொண்டது பெருந்தன்மை.

“அப்ப இந்தப் பிளவு கோபுரத்துக்கு இடது பக்கம் தெரியணும்னா எங்க நிக்கணும்?”

அதற்குத் துப்பறிய வேண்டியதே இல்லை. ஊரில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். ஓடையைத் தாண்டி வடக்கே போக வேண்டும். அங்கே காலனி இருக்கிறது. காலனிக்கு என்று தனிச் சுடுகாடு இருக்கிறது. ஒருவன் நிற்கிற இடத்தை வைத்து அவன் யார் என்று சொல்லும் வித்தையில் இருபது வருடம் பழகிய கமலக்கண்ணன், மூன்று நாளாக அந்தத் திசையில் தலையைக்கூடத் திருப்பவில்லை. வீரன் என்று கடிதத்தில் படித்த மாத்திரத்தில் நம்மாளு என்று முடிவு செய்துவிட்டார். படம் ‘இல்லை’ என்றது. படத்தின் மேல் பழியைப் போட்டார்.

குறிப்பேட்டை மூடி ஜோல்னாப் பையில் போட்டார்.

“ஓடையில தண்ணி இருக்குமா சார்?” என்றாள் ஆரிபா.

“இருக்காது. இப்ப இருக்காது” என்றார். ‘இப்ப’ என்று ஏன் சொன்னோம் என்று அவருக்கே புரியவில்லை.

*

காலனிச் சுடுகாட்டில் கருவேல மரங்களுக்கு நடுவே பத்துப் பதினைந்து மண்மேடுகள் இருந்தன. பெயர் எழுதிய கல் ஒன்றுகூட இல்லை. ஆனால் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒரு மேட்டைச் சுற்றி மட்டும் செங்கற்கள், சாய்த்துச் சாய்த்துப் பாதி புதைத்து, ரம்பப் பல் மாதிரி நின்றன. ஒன்று வெள்ளை, ஒன்று காவி, ஒன்று வெள்ளை, ஒன்று காவி. பட்டாளத்து முகாம்களில் பாதையோரம் வைக்கிற அதே வரப்பு.

ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கடைசிச் செங்கல்லுக்குக் காவி பூசிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். தலையில் கட்டியிருந்த துண்டில் மல்லிகை மொட்டுகள் இரண்டு ஒட்டியிருந்தன. காலையில் பூ பறிக்கும் வேலைக்குப் போய் வந்த அடையாளம்.

“செங்கல்லை நேரா வச்சா நிக்காதாம்மா?” என்று பேச்சைத் தொடங்கினாள் ஆரிபா.

“நிக்கும். ஆனா எங்கப்பாவுக்குப் புடிக்காது” என்றார் அந்தப் பெண், நிமிராமலேயே. “நாப்பத்தஞ்சு டிகிரி சாயணும்பாரு. எனக்கு டிகிரின்னா என்னன்னே தெரியாது. ஆனா கண்ணை மூடிக்கிட்டு வைப்பேன்.”

“உங்கப்பா பேரு?”

“பேனர்ல போட்டிருக்கீகளே. மீசையெல்லாம் வச்சு.” தூரிகையைத் தகர டப்பாவில் வைத்தார். “எங்கப்பாவுக்கு மீசையே கெடையாது. நான் ஒச்சம்மா. அவரு மக.”

ஆரிபா கமலக்கண்ணனைப் பார்த்தாள். அவர் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பேனரைப் பார்த்துட்டுமா நீங்க வந்து சொல்லல?” என்று கேட்டார்.

“எதுக்குச் சொல்லணும்? சொன்னா வாரவுகளையும் வரவிடாமப் பண்ணிருவீக. எங்கப்பாவுக்குக் கல்லு வேணாம். ஆனா அவரு இருந்த பட்டாளத்து ஆளுக இம்புட்டுத் தூரம் வந்துட்டு, வேற யாரு குழியிலயோ சல்யூட் அடிச்சிட்டுப் போகப் போறாகளேன்னு மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல. அதான் காவியாவது பூசி வப்போம்னு வந்தேன். யாராச்சும் ஒரு பட்டாளத்துக்காரர் கண்ணுல பட்டா, அவருக்குத் தெரிஞ்சிரும்ல?”

“பேரு எழுதி வைக்கலாமேம்மா?”

“ரெண்டு தடவை வச்சேன். பலகையில ஒரு தடவை, தகரத்துல ஒரு தடவை. ரெண்டையும் புடுங்கி ஓடையில போட்டாக. காலனிக்காரனுக்கு என்ன ஹவில்தாருன்னு.” ஒச்சம்மா சிரித்தார். “செங்கல்லை மட்டும் விட்டு வச்சிருக்காக. அதுல எழுத்தில்லையே.”

இந்த மாதிரி அமைதிகள் ஆரிபாவுக்கு ஆகாது. அவற்றை ஏதாவது சொல்லிக் கலைப்பது அவள் வேலையில் ஒரு பகுதி. இப்போதும் அதைத்தான் செய்தாள்.

“நம்ம சார் நல்லவருதான்மா, பயப்படாதீங்க. இந்த ஊர்க்காரர்தான். ஓடைக்கு அங்கிட்டு. முக்குல செவப்பு சைக்கிள் வச்சிருந்தேன், செவப்பு சைக்கிள் வச்சிருந்தேன்னு மூணு நாளா என் காதைத் தின்னுட்டாரு.”

ஒச்சம்மா நிமிர்ந்தார். முதல் தடவையாகக் கமலக்கண்ணனின் முகத்தைப் பார்த்தார்.

“செவப்பு சைக்கிளா?”

“ஆமா” என்றார் கமலக்கண்ணன்.

“ஹேண்டில் பார்ல பச்சை ரிப்பன் கட்டுனதா?”

ரிப்பனைப் பற்றிக் கமலக்கண்ணன் யாரிடமும் சொன்னதில்லை. ஆரிபாவிடம்கூட.

“வாத்தியார் மகன்” என்றார் ஒச்சம்மா. கோபமாகச் சொல்லவில்லை. பருப்பில் கல்லைப் பொறுக்கி எடுத்து வைப்பது போலச் சொன்னார். “எங்கப்பாவை ஆஸ்பத்திரியில இருந்து வேன்ல கொண்டாந்து பஸ் ஸ்டாப்புல எறக்குனோம். ஐப்பசி மாசம். பெரிய தெரு வழியாப் போனா நடைபாலம் இருக்கு, அஞ்சு நிமிசம். முக்குல உங்கப்பாவும் சடையாண்டியோட அப்பாவும் நின்னாக. இந்தத் தெருவுல பொணம் வரக் கூடாதுன்னாக. எங்க வீட்டு ஆளுக, ஐயா, பட்டாளத்துல இருந்தவருன்னு சொன்னாக. அப்ப உங்கப்பா திரும்பி, சைக்கிளைக் குறுக்கே போடுறான்னாரு. நீங்க போட்டீக.”

காற்றில் கருவேலங்காய்கள் சலசலத்தன.

“ஓடையில முழங்கால் தண்ணி. பாடையோட ரெண்டு தடவை வழுக்கி விழுந்தாக. எங்கப்பா முகமெல்லாம் சேறு. நான் முந்தானையால தொடச்சேன். எந்தெந்த எல்லையையோ தாண்டிப் போனவரு. அந்த முக்கைத் தாண்ட முடியல.”

கமலக்கண்ணன் மறக்கவில்லை. மறந்திருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். அது உள்ளே அப்படியே இருந்தது, யாரும் கேட்காததால் எடுக்காத ஃபைல் போல. மழை தூறிக்கொண்டிருந்தது. சைக்கிளைச் சாய்த்தார். பச்சைத் துணி போர்த்திய ஏதோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு சிலர் ஓடைப்பக்கம் திரும்பினார்கள். யார் என்று அவர் கேட்கவில்லை. அன்று அவருக்கு இருந்த ஒரே கவலை, தார் ரோட்டில் உரசி சைக்கிளின் பெயிண்ட் போய்விடுமே என்பது. வீட்டுக்குப் போனதும் தேங்காய் எண்ணெய் தொட்டு அதைத் துடைத்தார். அதற்குப் பிறகு சாப்பிட்டார். வெஞ்சனம் என்ன என்பதுகூட இப்போது நினைவுக்கு வந்தது. வாழைக்காய்ப் பொரியல்.

ஆரிபா தூரிகையை எடுத்து அந்தக் கடைசிச் செங்கல்லுக்கு மீதிக் காவியைப் பூச ஆரம்பித்தாள். ஒச்சம்மா தடுக்கவில்லை. கமலக்கண்ணனும் குனிந்து, சரிந்திருந்த ஒரு செங்கல்லை நிமிர்த்தக் கையை நீட்டினார்.

“நீங்க தொட வேணாம்” என்றார் ஒச்சம்மா.

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் அதைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். உள்ளே போன் அடித்தது. சடையாண்டி.

“கெடச்சாரா?”

“கெடச்சுட்டார். ஓடைக்கு வடக்கே.”

எதிர்முனையில் பந்தல் போடுகிற சத்தம் கேட்டது.

“அது வேற மாயாண்டியா இருக்கும்.”

“அவர்தான். மக இருக்காங்க.”

“கமலக்கண்ணன், யோசிங்க. கல்லுல நம் குலம்னு வெட்டியாச்சு. தலைமை விருந்தினருக்கு நம்ம குலத்து வீரர்னு சொல்லித்தான் தேதி வாங்குனேன். அந்தச் சுடுகாட்டுக்கு அவரோட கார் போகாது. காரே போனாலும் அவரு போக மாட்டாரு.” குரலைத் தாழ்த்தினார். “ஜக்கம்மாளே இருக்கட்டும். செத்தவுக ரெண்டு பேரும் வந்து கேக்கவா போறாக? நீங்க நம்மாளு. உங்களுக்கு நான் சொல்லணுமா?”

‘நம்மாளு’. இத்தனை வருடமாகக் கமலக்கண்ணன் மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்த சான்றிதழ் அது. இப்போது அவருக்கே ஒருவர் எழுதிக் கொடுக்கிறார். அதை வாங்கிக்கொள்ள அவருக்குக் கூசியது. அழைப்பைத் துண்டித்தார். கடிதத்தின் அடியில் இருந்த சுபேதார் மேஜரின் எண்ணை அழுத்தி, இடத்தைச் சொன்னார். ஓடை, காலனி, சுடுகாடு, காவிச் செங்கல். எல்லாம் சொன்ன பிறகு முப்பது வருடத்துக்கு முந்தைய முக்கையும் சொன்னார். சைக்கிள் யாருடையது என்பதையும்.

சுபேதார் மேஜர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கமலக்கண்ணன் போனைக் கையால் மூடிக்கொண்டு ஒச்சம்மாவிடம் திரும்பினார்.

“எந்த வழியா வரட்டும்னு கேக்குறாரும்மா.”

ஒச்சம்மா கையில் இருந்த காவியைத் துண்டில் துடைத்தார்.

“பெரிய தெரு வழியா.”

கமலக்கண்ணன் அதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். “நான்... என்ன செய்யணும்?” என்று கேட்டார். மன்னிப்பு என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்திருந்தது. இவ்வளவு தாமதமாக அதை எடுத்து நீட்டினால் அதுவும் ஒரு பளிங்குக் கல்லாகத்தான் இருக்கும் என்று தோன்றியதால் விழுங்கிவிட்டார்.

“அதே முக்குல வந்து நில்லுங்க.”

“நின்னு?”

“சும்மா நில்லுங்க. அம்புட்டுத்தான்.”

*

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, ஊர்ச் சுடுகாட்டில் சாமியானாப் பந்தலின் கீழ் தலைமை விருந்தினர் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தார். சடையாண்டி மைக்கில் வீரத்தைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில், வாழ்நாளில் இவ்வளவு மரியாதையைப் பார்க்காத பணியாரக் கடை ஜக்கம்மாள் சாமந்தி மாலைக்குக் கீழே அமைதியாகப் படுத்திருந்தார். பட்டாளத்துக்காரர்களை மட்டும் காணோம்.

திடீரென்று தூரத்தில் பியூகிள் கேட்டது.

“சத்தம் அந்தப் பக்கம்ல கேக்குது?” என்றார் தலைமை விருந்தினர்.

“எதிரொலிங்கய்யா” என்றார் சடையாண்டி. “மலையடிவாரம் இல்லையா.”

அந்தக் கல் இப்போது கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் கவிழ்த்துப் போடப்பட்டிருக்கிறது. பரோட்டா மாவு அடிக்கத் தோதாக இருக்கிறதாம்.

அன்று முக்கில் கமலக்கண்ணன் ஒன்பது மணியிலிருந்தே நின்றுகொண்டிருந்தார். ஆரிபா பக்கத்துக் கடை நிழலில் நின்றாள். குடை கொண்டுவந்திருந்தாள், ஆனால் அவருக்குக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. பெரிய தெருவில் பாதிக் கதவுகள் சாத்தியிருந்தன. மீதிப் பேர் மொட்டை மாடியில் நின்று செல்போனில் படம் பிடித்தார்கள். ‘தெரியாதுப்பா’ என்று சொன்ன ஏழு பேரில் மூன்று பேர் அங்கே இருந்தார்கள்.

பஸ் ஸ்டாப்பிலிருந்து அவர்கள் வந்தார்கள். முன்னால் பியூகிள்காரர். பிறகு சுபேதார் மேஜர். அவருக்குப் பின்னால் ஆறு பேர், ஒரே அடியில், தோளில் ஒரு பலகையைச் சுமந்துகொண்டு. பலகையின் மேல் ஒரு டிரங்குப் பெட்டியின் மூடி. கறுப்புப் பெயிண்ட் உரிந்து துருப்பிடித்த மூடி. மாயாண்டி பட்டாளத்திலிருந்து திரும்பும்போது கொண்டுவந்தது. ஒச்சம்மா அதை அரிசிப் பானையை மூடிவைக்கப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். அன்று விடியற்காலையில் எடுத்துத் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். அதில் வெள்ளை எழுத்தில் ஒரு நம்பர், ஒரு பதவி, ஒரு பெயர். வேறு எதுவும் இல்லை. மாயாண்டி யாருடைய ஆள் என்று அதில் எழுதியிருக்கவில்லை. மேட்டின் தலைமாட்டில் அதைத்தான் நடப்போகிறார்கள். இந்த எழுத்தைப் பிடுங்குகிறவர்கள் முதலில் அந்தப் படைப்பிரிவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆறு பேரின் பூட்ஸ் சத்தம் முக்கை நெருங்கியது. சீருடையில் வருகிறவர்களுக்கு முன்னால் யாரும் சைக்கிளைக் குறுக்கே போடவில்லை.

கமலக்கண்ணனுக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சல்யூட் அடிக்க அவருக்குத் தகுதி இல்லை. கும்பிட்டால் நாடகம். தொங்கவிட்டபடி நின்றார். தான் நிற்பது தெருவின் சரியாக நடுவில் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் கால்கள் எங்கே நின்றனவோ அங்கேயே தாமாகப் போய் நின்றிருந்தன.

சுபேதார் மேஜர் நின்றார். ஆறு பேரும் நின்றார்கள். தெரு முழுவதும் கமலக்கண்ணனைப் பார்த்தது.

வரிசைக்குப் பக்கத்தில் நடந்து வந்த ஒச்சம்மா முன்னால் வந்தார். புதுச் சுங்குடிச் சேலை. கையில் காவிக் கறை இன்னும் போகவில்லை.

“தம்பி” என்றார், வழியில் போகிற யாரிடமோ சொல்வது போல. “செத்த ஓரமா நில்லுங்க. எங்கப்பா வாராரு.”